'மற்ற உள்ளூர்ச் சமூகங்கள்': கடற்கரைச் சட்டத்தின் வரலாற்றில் சேரி எங்கே?

முதுகலை சமூகவியல் படித்த காலத்தில் சுற்றுச்சூழல் பற்றி ஒரு தாள் இருந்தது. அதில் ஜெகந்நாதன் எதிர் இந்திய ஒன்றியம் என்கிற வழக்கு அரைப் பக்கம் வரும். 1996, இறால் பண்ணை, 'மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும்' என்கிற கோட்பாடு. ஐந்து மதிப்பெண் கேள்வி. நானும் எழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்த வழக்குக்குப் பின்னால் நின்றவர்களில் பெரும்பகுதி கீழத்தஞ்சையின் நிலமற்ற தலித் கூலிகள் என்பது அந்த அரைப் பக்கத்தில் இல்லை.

பிறகு வேலைக்கு வந்து, காவிரிக் கடைமடையில் ஒரு சேரியில் குடிநீர்க் கணக்கெடுப்பு செய்துகொண்டிருந்தபோது ஒரு பாட்டி கேட்டார்: "ஏம்மா, தண்ணி உப்பா இருக்கான்னு எழுதுறியே, எப்பலேர்ந்து உப்புன்னு எழுதுனியா?" படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. தோழர்களே, அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் இந்தக் கட்டுரை.

இந்தியாவில் கடற்கரையைக் காப்பது அரசின் வேலை என்கிற பேச்சு எப்போது தொடங்கியது என்று கேட்டால், புத்தகங்கள் ஒரு கடிதத்தைக் காட்டும். 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதியது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையில் எதையும் கட்டாமல் விட்டுவையுங்கள் என்பது அதன் சாரம். கடிதம் கடிதமாகவே இருந்தது. 1986இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. இன்று எல்லோரும் சி.ஆர்.இசட். என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் கடிதத்துக்கும் அறிவிக்கைக்கும் நடுவே தெருவில் நடந்தது ஒன்று உண்டு. 1989இல் தேசிய மீனவர் பேரவை, தண்ணீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்கிற முழக்கத்தோடு நாட்டின் இரண்டு கரைகளிலிருந்தும் கன்னியாகுமரி நோக்கி நடைபயணம் நடத்தியது. மே 1 அன்று கன்னியாகுமரியில் கூடிய கூட்டத்தின் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. கடற்கரைச் சட்டம் டெல்லி அதிகாரிகளின் கருணையில் பிறந்தது என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள். அந்தச் சட்டத்தில் மீனவர் என்கிற சொல் இருப்பது மீனவர்கள் போராடி வாங்கிய இடம். அதில் எனக்கு எந்தப் பொறாமையும் கிடையாது. என் கேள்வி வேறு.

1991 அறிவிக்கை கடலை ஒட்டியும், ஓதம் ஏறி இறங்கும் ஆறு, கழிமுகம், காயல் ஓரங்களிலும் 500 மீட்டரை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி. அதற்கப்பால் 500 மீட்டர் வரை, மரபுவழி உரிமையின்படி வீடு கட்டிக்கொள்ளலாம். யாருக்கு அந்த மரபுவழி உரிமை? மீனவக் கிராமங்களும் 'காவ்தான்'களும் என்று எடுத்துக்காட்டுச் சொல்கிறது அறிவிக்கை. காவ்தான் மராத்தி நாட்டுச் சொல். நம் ஊரில் நத்தம். ஆனால் நம் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் நத்தம் ஒன்றாக இருந்ததில்லை. ஊர் நத்தம் தனி, சேரி நத்தம் தனி என்று வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேட்டிலேயே பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். கிராமம் என்று ஒரே சொல்லில் ஒரு சட்டம் எழுதினால் அந்தச் சொல்லுக்குள் யார் முதலில் வந்து உட்காருவார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

கடற்கரை என்றதும் மணலும் படகும் கண்ணுக்கு வரும். நாகை, சீர்காழி, தரங்கம்பாடிப் பக்கம் போய்ப் பாருங்கள். குப்பத்துக்கு ஒரு கிலோமீட்டர் உள்ளே வயல் தொடங்கிவிடும். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை அது. மேட்டூர் திறந்தாலும் அங்கே போய்ச் சேரும் தண்ணீர் கொஞ்சம்தான். நல்ல நஞ்சை கோயிலுக்கும் மடத்துக்கும் மிராசுதாருக்கும். உவர் தட்டிய ஓரம், வாய்க்கால் கரை, புறம்போக்கு ஆகியவற்றில் சேரி. ஆண்களும் பெண்களும் நடவு, களை, அறுப்பு. வேலை இல்லாத மாதங்களில் பெண்கள் உப்பனாற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இவர்களும் கடலோர மக்கள்தான். ஆனால் 'கடலோர மக்கள்' என்று அரசு எழுதும்போது இவர்கள் வருவதில்லை. வேளாண் துறை இவர்களை விவசாயி என்றும் எழுதுவதில்லை, ஏனென்றால் பட்டா இல்லை.

பட்டா ஏன் இல்லை என்பதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. அது எப்படியெல்லாம் கைமாறிப் போனது என்பது இந்தப் பக்கத்து வாசகர்களுக்குப் புதிதில்லை, அதனால் நீட்டவில்லை. கீழத்தஞ்சைக்கு வந்தால் 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிகளின் குடும்பங்களில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கீழத்தஞ்சைக்கு வந்தார். தலித் குடும்பத்தில் பிறந்து, பட்டப்படிப்பு படித்து, காந்திய இயக்கத்துக்குப் போனவர். அவரும் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டி என்கிற உழுவோர் நில விடுதலை அமைப்பைத் தொடங்கினார்கள். நிலம் வைத்திருப்பவரிடம் பேசி விலை பேசுவது, வங்கிக் கடன் வாங்கி அந்த விலையைக் கொடுப்பது, பெண்கள் பெயரில் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பதிவு செய்வது. அம்பேத்கரியர்களாக நமக்குக் காந்தியவழி மீது ஆயிரம் விமர்சனம் உண்டு. பணம் கொடுத்து நிலத்தை வாங்குவது நிலப்பிரபுவுக்கே லாபம் என்று நானே ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு தலித் பெண்ணின் பெயரில் பத்திரம் இருப்பதன் அர்த்தத்தை அந்தப் பத்திரத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டும் பாட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தபிறகு, கொஞ்சம் நிதானமாகப் பேசக் கற்றுக்கொண்டேன்.

இப்படி ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று கைக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இறால் வந்தது.

1991ஆம் ஆண்டை நன்றாகக் கவனியுங்கள். பிப்ரவரியில் கடற்கரையைக் காக்கும் அறிவிக்கை. ஜூலையில் புதிய பொருளாதாரக் கொள்கை. டாலர் வேண்டும், ஏற்றுமதி வேண்டும். ஜப்பானும் அமெரிக்காவும் இறால் வாங்கத் தயார். கடைமடையில் தண்ணீர் வராமல் நொந்துபோயிருந்த நிலக்காரர்கள் நல்ல விலை வந்ததும் விற்றார்கள். சென்னையிலிருந்தும் வெளியிலிருந்தும் கம்பெனிகள் வந்து ஏக்கர் கணக்கில் வளைத்தன.

பண்ணை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் சண்டை எதற்கு என்று புரியும். வயலின் மேல்மண்ணை வழித்துச் சுற்றிலும் கரை போட்டுக் குட்டை கட்டுவார்கள். கடல்நீரைக் குழாய் வைத்துக் கொண்டுவருவார்கள். கடல்நீர் அப்படியே இருந்தால் உப்பு அதிகம். அதனால் போர்வெல் போட்டு நல்ல தண்ணீரை உறிஞ்சிக் கலப்பார்கள். அதாவது ஒரே பண்ணை நிலத்தடியிலிருந்து நல்ல நீரை எடுக்கிறது, மேலிருந்து உப்பு நீரை இறக்குகிறது. குட்டையில் தீவனம், சுண்ணாம்பு, ரசாயனம், நோய் வந்தால் மருந்து. அறுவடை முடிந்ததும் அந்தக் கழிவுநீர் வடிகாலுக்குப் போகும், அங்கிருந்து உப்பனாற்றுக்கு. பக்கத்து வயலில் உப்பு பூக்கும். சேரியின் அடிபம்பு கரிக்கும். குப்பத்து மக்கள் கடலுக்குப் போகும் வழியில் வேலி விழும். சில ஆண்டுகளில் குட்டையில் நோய் விழுந்தால் கம்பெனி அடுத்த ஊருக்குப் போய்விடும். 1994, 95இல் வெள்ளைப்புள்ளி நோய் பரவி அப்படித்தான் நடந்தது. விட்டுப்போன குட்டையில் நெல்லும் விளையாது.

இதில் நம் பாடப்புத்தகங்கள் விடும் இடம் ஒன்று இருக்கிறது. நிலக்காரனுக்கு நிலம் போனால் விலை வந்தது. நிலம் இல்லாதவனுக்குப் போனது வேலை. ஒரு வேலி நிலத்தில் நடவென்றால் ஒரு தெருவே இறங்கும். குட்டைக்குத் தேவை ஒரு காவல்காரர், தீவனம் போட இரண்டு மூன்று பேர். பெண்களுக்கு அங்கே ஏறக்குறைய வேலையே இல்லை. கையால் இறால் பிடித்த உப்பனாற்றிலும் கழிவு. இப்படி ஒருத்தியிடமிருந்து ஒரே பருவத்தில் நடவுக் கூலியும் ஆற்று இறாலும் குடிதண்ணீரும் போகின்றன. அவள் எதையும் விற்கவில்லை, யாரும் அவளிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. சுற்றுச்சூழல் அறிக்கையில் இது 'நிலத்தடி நீர் உவர்ப்பாதல்' என்று ஒரு வரியாக வரும்.

லாஃப்டியின் பெண்கள்தான் முதலில் குட்டைக் கரைகளில் போய் உட்கார்ந்தார்கள். மறியல், உண்ணாவிரதம், கைது, வழக்கு. ஜெகந்நாதனுக்கு அப்போது எண்பதை ஒட்டிய வயது. 1994இல் அவர் கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்கிற முறையில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். இந்தச் சண்டையில் மீனவர்களும் தலித்துகளும் பல ஊர்களில் ஒரே பக்கம் நின்றார்கள். மற்ற நாட்களில் குப்பத்துக்கும் சேரிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. இதை நான் மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. சண்டை முடிந்ததும் பழைய கோடு திரும்பி வந்த ஊர்களும் உண்டு.

இங்கே ஒரு சின்ன விலகல். ஒடிசாவில் சிலிகா ஏரி. அதே ஆண்டுகளில் டாடா குழுமத்தின் இறால் திட்டத்தை எதிர்த்து அங்கே பெரும் போராட்டம் நடந்து, திட்டம் கைவிடப்பட்டது. அந்த ஏரியின் மரபுவழி மீனவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினர். அங்கே கம்பெனி போன பிறகும் இறால் போகவில்லை. மீன்பிடித் தொழிலில் முன்பு இல்லாத, சாதியிலும் பணத்திலும் மேலே இருந்தவர்கள் ஏரிக்குள் வலைவேலி போட்டுக்கொண்டார்கள். அதை அகற்றக் கோரிய போராட்டத்தின் தொடர்ச்சியில் 1999 மே மாதம் சோரானா கிராமத்தில் போலீஸ் சுட்டு மீனவ மக்கள் செத்தார்கள். 'மீனவர்' வேறு, 'தலித்' வேறு என்று தமிழ்நாட்டுக் கரையை வைத்து மட்டும் இந்தியக் கடற்கரையைப் படிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

1996 டிசம்பர் 11. நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு தீர்ப்பு சொன்னது. அதற்கு முன் நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை அனுப்பிக் கரையைப் பார்த்துவரச் சொல்லியிருந்தார்கள். பண்ணைகளால் வரும் வருமானத்தைவிட அவற்றால் வரும் சேதத்தின் மதிப்பு அதிகம் என்று அந்த நிறுவனம் கணக்குக் காட்டியது. கரையோரம் இல்லாமல் நடத்த முடியாத தொழில்களுக்கு மட்டும் அறிவிக்கையில் விலக்கு உண்டு. நாங்களும் அந்த வகைதான் என்றார்கள் பண்ணைக்காரர்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. மரபு முறையிலும் மேம்படுத்தப்பட்ட மரபு முறையிலும் நடப்பவை தவிர, ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடிக்க வேண்டும். சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1000 மீட்டருக்குள் கூடாது. விவசாய நிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, கிராமப் பொதுநிலம் எதையும் குட்டையாக மாற்றக் கூடாது. கெட்டுப்போன சூழலைச் சரிசெய்யவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுக்கவும் பண்ணைக்காரர்களே செலவை ஏற்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்த பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு ஆறு வருடச் சம்பளம்.

படிக்கும்போது இன்றும் சிலிர்க்கும் தீர்ப்புதான். ஆனாலும் ஒரு தலித் கூலியின் இடத்தில் நின்று இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பண்ணையில் வேலை பார்த்தவருக்கு ஆறு வருடச் சம்பளம் என்று தெளிவாக ஒரு கணக்கு இருக்கிறது. பண்ணை வந்ததால் நடவு வேலை போனவளுக்கு? அவள் 'பாதிக்கப்பட்ட தனிநபர்'. தன் பாதிப்பை ஓர் ஆணையத்தின் முன்னால் நிரூபிக்க வேண்டும். எதை வைத்து நிரூபிப்பாள்? வருகைப் பதிவேடு உண்டா, சம்பளச் சீட்டு உண்டா, சர்வே எண் உண்டா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் அவசியமே வரவில்லை. குல்தீப் சிங் அந்த டிசம்பர் கடைசியிலேயே ஓய்வுபெற்றார். பண்ணைக்காரர்களும் அரசுகளும் மறுஆய்வு மனுக்களோடு போனார்கள். இடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. 1997 மார்ச்சில் மாநிலங்களவையில் ஒரு மசோதா நிறைவேறி, மக்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. குட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பிறகு 2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மீனவ மக்கள். அந்தத் துயரத்தின் அளவைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. அதே சமயம், நிவாரண முகாம்களிலும் தண்ணீர் விநியோகத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதையும் உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. நிவாரணக் கணக்கு படகு, வலை, வீடு, நிலம் என்று ஓடியது. கடல்நீர் ஏறிய வயலில் அந்த வருடம் வேலை இல்லாமல் போனவர்களுக்கு அந்த நான்கில் எதுவும் சொந்தமில்லை.

ஆறு மாதம் கழித்து, கரை இன்னும் காயாதபோது, 2005 ஜூனில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பண்ணைகள் பதிவு செய்ய வேண்டும், உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் அனுமதி இல்லை என்றெல்லாம் அதில் உண்டு. சட்டக் கல்லூரித் தோழர்கள் அதன் 27ஆம் பிரிவைத் தேடிப் படிக்க வேண்டும். கடற்கரை அறிவிக்கையின் தடைகள் கடலோர இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று ஒரு வரியை அந்தப் பிரிவு அறிவிக்கைக்குள் சேர்க்கிறது. எந்தத் தேதியிலிருந்து? 1991 பிப்ரவரி 19இலிருந்து. அதாவது அறிவிக்கை பிறந்த நாளிலிருந்தே அந்த வரி அதில் இருந்ததாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். பதினான்கு வருடத்துக்கு முன்னால் இல்லாத ஒரு வரி, நாடாளுமன்றத்தின் ஒரு வாக்கெடுப்பில் பழைய தாளில் போய் ஏறிக்கொண்டது. அந்த வரி இருந்திருந்தால் 1996 தீர்ப்பே இல்லை. பஞ்சமி நிலத்தின் நிபந்தனையை மறைத்துப் பின்தேதியிட்ட பத்திரம் எழுதுவதை நாம் கிராமத்தில் பார்த்திருக்கிறோம். நாட்டின் சட்டப் புத்தகத்தில் அதை நான் முதலில் பார்த்தது இங்கேதான்.

அதற்குப் பிறகான கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 2008இல் மேலாண்மை என்கிற பெயரில் பழைய தடைக் கோடுகளைத் தளர்த்த ஒரு வரைவு வந்தது. மீனவர்கள் எதிர்த்து அதை வீழ்த்தினார்கள். 2011இல் புதிய கடற்கரை அறிவிக்கை. 2019இல் இன்னொன்று: மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டர் தடைப் பகுதி 50 மீட்டராகச் சுருங்கியது, கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலாக் குடில்களுக்கு 10 மீட்டர் தள்ளி அனுமதி. 2023இல் இறால் சட்டத்தைத் திருத்தி, பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் சிறை என்றிருந்ததை எடுத்துவிட்டு அபராதமாக்கினார்கள்.

2011 அறிவிக்கையின் முதல் பத்தியில் அதன் நோக்கம் சொல்லப்பட்டிருக்கிறது: மீனவச் சமூகங்களுக்கும் 'மற்ற உள்ளூர்ச் சமூகங்களுக்கும்' வாழ்வாதாரப் பாதுகாப்பு. நாம் அந்த 'மற்ற'வில் இருக்கிறோம். மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் வரைபடத்தில் சர்வே எண் அளவுக்குக் குறிக்க வேண்டும், அவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையைத் திட்டமிட வேண்டும் என்று அறிவிக்கை கட்டளை போடுகிறது. வேண்டியதுதான். 'மற்ற'வுக்கு அப்படி ஒரு கட்டளையும் இல்லை. சேரி எங்கே, அதன் சுடுகாடு எங்கே, சுடுகாட்டுக்குப் போகும் வழி எங்கே, பெண்கள் இறால் பிடிக்கும் வாய்க்கால் எங்கே என்று யாரும் குறிக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் இல்லாத தெருவின் மீது ஒரு பண்ணையோ துறைமுகச் சாலையோ விழும்போது அது யாரையும் இடிப்பதில்லை, தாளில்.

போன மாதம் ஒரு கடலோர ஊரில் வரைவு வரைபடத்தை விரித்து வைத்து மக்கள் கருத்துக் கேட்டார்கள். எங்களோடு இரண்டாம் ஆண்டு பி.ஏ. படிக்கும் இரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். குப்பம் வண்ணமடித்து இருந்தது, கோயில் இருந்தது, சவுக்குத் தோப்பு இருந்தது. அந்தப் பாட்டி தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க தெரு எங்கப்பா தம்பி?" என்று அதிகாரியைக் கேட்டார். அவர் விரலை வைத்த இடம் வெள்ளையாக இருந்தது. பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து கிராமக் கணக்கிலிருந்து சேரி நத்தத்தின் சர்வே எண்களைப் பார்த்து எழுதி, இரண்டு அடிபம்பு, ஒரு சுடுகாடு, உப்பனாற்றுப் பாதை ஆகியவற்றைக் கையால் வரைந்து, ஆட்சேபணை மனுவோடு இணைத்துக் கொடுத்தார்கள். எந்த வருடத்திலிருந்து தண்ணீர் உப்பு என்பதையும் பாட்டி சொல்லச் சொல்ல எழுதினார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.